வெறும் சரளைக்கல்லில் வளரும் நீர்ச்செடிகள்

கோவையில் வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம் போன்ற நீர்நிலைகளின் கரையில் நடந்திருக்கிறீர்களா? ஆகாயத்தாமரை அடர்ந்து மிதப்பதை அங்கே அடிக்கடி காணலாம். அதன் வேர்கள் மண்ணைத் தொடுவதில்லை, நீரிலேயே தொங்குகின்றன. மண்ணே இல்லாமல் அது எப்படிச் செழிக்கிறது? ஊர்க் கழிவுநீரில் கரைந்து வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புகள்தாம் அதற்கு உரம். ஆக, செடிக்கு இன்றியமையாதது மண்ணன்று. மண்ணில் உள்ள உப்புகளே. அவை நீரில் கிடைத்தால் அதற்குப் போதும்.

இந்த உண்மையைத் துணையாகக் கொண்டு, நீங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கலாம். வண்டல் மண் வேண்டாம், எருவும் வேண்டாம். கழுவிய சரளைக்கல்லும் ஓரிரு மீன்களும் போதும்.

வாரிங்டனின் தொட்டி

லண்டனில் வாழ்ந்த ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் 1850-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். சுமார் 54 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் கலத்தில் பாதியளவு ஊற்றுநீர் நிரப்பி, இரண்டு சிறு பொன்மீன்களை விட்டார். அடியில் மணலும் சேறும் இட்டு, வாலிஸ்நேரியா என்ற செடியை நட்டார். செடி வெளியிட்ட ஆக்சிஜனை மீன்கள் சுவாசித்தன. மீன்கள் வெளியிட்ட கரியமில வாயுவைச் செடி பயன்படுத்திக்கொண்டது. அழுகிய இலைகளால் நீர் கலங்கியபோது, குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது.

வாரிங்டன் சேறு இட்டார். நாம் அதையும் விட்டுவிட்டால் செடிக்கு உணவு ஏது?

உரம் தருவது மீனே

மீன் தன் செவுள்களின் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. மீந்துபோன இரையும் அழுகி அம்மோனியாவைத் தருகிறது. இது மீனுக்கு நஞ்சு, செடிக்கோ உணவு! செடி எடுத்துக்கொண்டது போக எஞ்சியதைச் சில பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டையும் செடி உறிஞ்சிக்கொள்ளும்.

இந்த பாக்டீரியாக்கள் வாழும் வீடு எது தெரியுமா? சரளைக்கற்களின் மேற்பரப்புதான். எனவே சரளைக்கல் செடிக்கு உணவு தராவிட்டாலும் இரண்டு வேலைகளைச் செய்கிறது: வேரைப் பிடித்துக்கொள்கிறது, நுண்ணுயிர்களுக்கு இடமளிக்கிறது.

ஆனால் இந்த நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீன்களை விட்டால் அம்மோனியா மிகுந்து அவை மடிந்துவிடும். புதுத் தொட்டியில் மீன்கள் சாவதற்கு இதுவே முக்கியமான காரணம். முதலில் செடியை நடுங்கள். சில நாள் கழித்து ஓரிரு மீன்களை மட்டும் விடுங்கள். இரையையும் அளவாகப் போடுங்கள்.

எந்தக் கல்? எந்த நீர்?

கல்லின் பருமன் 3 முதல் 5 மி.மீ. வரை இருக்கட்டும். பெரிய கல்லானால் இடுக்குகளில் இரை விழுந்து அழுகும். மிக நுண்ணிய மணலானால் இறுகிவிடும். உள்ளே நீரோட்டம் இராது. 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 14 கிலோ கல் வேண்டும். அலசும் நீர் தெளியும்வரை அதைக் கழுவுங்கள்.

கல்லில் சுண்ணாம்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மதுக்கரைப் பக்கத்தில் சிமென்டு செய்யச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்ததை அறிவீர்கள் அல்லவா? கல்லின்மேல் சில துளி வினிகர் விடுங்கள். நுரைத்துக் குமிழி வந்தால் அது சுண்ணாம்புக்கல்; குமிழியாக வருவது கரியமில வாயு. அத்தகைய கல் மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும்.

சிறுவாணி நீர் மென்னீர். நம் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வாலிஸ்நேரியாவும், பள்ளியில் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காகப் புனலுக்கடியில் வைக்கும் ஹைட்ரில்லாவும் கடினநீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தே கரியைப் பெறும் ஆற்றல் உடையவை. சோப்பு நுரைக்காத கிணற்று நீர் இவற்றுக்கு ஏற்றதே. குழாய் நீரானால், குளோரின் வெளியேற ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

வாலிஸ்நேரியாவை நடும்போது வேர் முழுதும் கல்லுக்குள் இருக்கட்டும். இலைகள் கிளம்பும் அடிப்பகுதி புதையக் கூடாது, புதைந்தால் அழுகும். வேர் பிடித்ததும் ஓடுதண்டு விட்டுப் புதுக் கன்றுகள் தோன்றும். ஆனால் அமேசான் வாள்செடி போல வேர்வழியே மிகுதியாக உணவு கொள்ளும் செடிகள் வெறும் சரளையில் மெலிந்துபோகும்.

நீங்களே சோதியுங்கள்

இரண்டு பெரிய கண்ணாடிச் சாடிகளில் ஒரே அளவு கல்லிட்டு, ஒரே அளவுள்ள வாலிஸ்நேரியா கன்றை ஒவ்வொன்றிலும் நடுங்கள். வாரந்தோறும் பாதி நீரை மாற்றுங்கள்: ஒன்றுக்குக் கிணற்று நீர், மற்றொன்றுக்கு மீன்தொட்டியிலிருந்து எடுத்த நீர். இரண்டுக்கும் ஒளி சமமாகக் கிடைக்க வேண்டும். ஆறு வாரம் இலைகளை எண்ணிக் குறித்து வையுங்கள். உரம் தருவது கல்லா, மீனா என்பதற்கு உங்கள் குறிப்பேடே விடை சொல்லும்.

ஓர் எச்சரிக்கை. மிகுதியாக வளர்ந்த செடிகளை நொய்யலிலோ குளத்திலோ எறியாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து எருக்குழியில் இடுங்கள். 1950-களின் தொடக்கத்தில் மீன்தொட்டிக்காக இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்ற ஹைட்ரில்லா, நீர்நிலைகளில் புகுந்து ஏரிகளையும் கால்வாய்களையும் அடைத்தது. தென்னமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை நம் குளங்களில் செய்திருப்பதும் இதுதானே!