நீர்ப் பலூன் விளையாட்டும் கண்ணும்

வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசிக் கருடசேவைக்குச் சென்று கடைவீதியில் பலூன் சுட்டு மகிழ்ந்த பிள்ளை, வீட்டிலும் அவ்விளையாட்டைக் கேட்பது இயல்பே. சுவரில் கரித்துண்டால் மூன்று வட்டங்கள் வரைந்து, எலுமிச்சை அளவில் நீர் நிரப்பிய பலூன்களைப் பத்தடி தள்ளி நின்று எறியச் செய்யலாம். நனைந்து அழிந்தால் மீண்டும் வரைவதும் விளையாட்டுத்தான். இடையே எவரும் நிற்றலாகாது. வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள்; தவழும் குழந்தை விழுங்கினால் மூச்சடைக்கும்.

உண்டிவில்லால் ஏவுவது வேண்டவே வேண்டா. அவ்வேகத்தில் நீர்ப் பலூனும் கல்லுக்கு நிகர். கண்ணுள் குருதி கசியலாம், விழித்திரை விலகலாம்.

அடிபட்ட கண்ணைக் கசக்காமலும், தாய்ப்பால் போன்ற எதையும் ஊற்றாமலும், காகிதக் குவளையால் அழுந்தாமல் மூடி உடனே அழைத்து வாருங்கள். வலி தணிந்தாலும் காத்திருக்க வேண்டா. கசிந்த குருதி கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடும். நாள்கடந்து வருவோருக்கு நாங்கள் செய்யக்கூடியது குறைவே.