கிருமியின் இரும்புப் பசியும் இரண்டு துத்தநாக அணுக்களும்

2010 ஆகஸ்டில் ‘லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியாகி உலகம் முழுக்கச் செய்தியானது. அதில் முதல் ஆசிரியராக இருந்தவர் கார்த்திகேயன் குமாரசாமி. அவர் அப்போது இருந்தது அடையாறைத் தாண்டினால் வரும் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறையில். ‘என்டிஎம்-1’ என்ற என்சைமை வைத்திருக்கும் பாக்டீரியாக்களை அவரும் பல நாட்டு ஆய்வாளர்களும் தேடிப் பார்த்திருந்தார்கள். சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26-லும், பிரிட்டனில் 37-லும் அது இருந்தது. பெரும்பாலானவை இ.கோலை, கிளெப்சியெல்லா. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத் தொற்று என்று ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி பார்க்கும் கிருமிகள்தான்.

அந்த என்சைமின் பெயரில் ‘நியூ டெல்லி’ இருந்ததால் நம்ம ஊர்ல பெரிய சண்டை நடந்தது. பெயர்ச் சண்டையில் ஒரு விஷயம் பலர் கவனத்துக்கு வராமலே போய்விட்டது. பெயரில் வரும் ‘எம்’ என்ற எழுத்து மெட்டல், அதாவது உலோகத்தைக் குறிக்கிறது. இந்த என்சைமின் நடுவில் இரண்டு துத்தநாக அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன (மாத்திரை அட்டையில் ஜிங்க் என்று போட்டிருக்குமே, அதே சமாச்சாரம்தான்). அவை ஒரு நீர் மூலக்கூறைத் தூண்டிவிட, அது போய் ஆன்டிபயாடிக்கின் வளையத்தை உடைக்கிறது. மற்ற மருந்துகள் தோற்றபின் ஐசியுவில் போடும் மெரோபெனம் போன்ற கார்பாபெனம் மருந்துகள்கூட இப்படித்தான் உடைந்து வீணாகின்றன. துத்தநாகத்தை எடுத்துவிட்டால் அந்த என்சைம் வெறும் புரோட்டீன். ஒன்றையும் உடைக்காது.

சரி, அந்தத் துத்தநாகம் பாக்டீரியாவுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? நம் உடம்பிலிருந்துதான். கிருமியின் பிழைப்பு நம்மிடமிருந்து பறிக்கும் தாதுக்களில் தொங்குகிறது. மருந்தை எதிர்க்கும் வலுவும் அதிலேயே தொங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள இரும்பிலிருந்து தொடங்குவது சுலபம்.

ஒரு மனித உடம்பில் சுமார் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இரத்தச் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினில் பூட்டியிருக்கிறது. இரத்தத்தில் பயணம் செய்யும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரோட்டீன் இறுக்கிப் பிடித்திருக்கும். கட்டுப்படாமல் திரியும் இரும்பு எவ்வளவு என்று கணக்குப் போட்டால், ஒரு லிட்டருக்கு ஒரு அணுகூட தேறாது! பாக்டீரியா வளர்வதற்குத் தேவையான அளவோடு ஒப்பிட்டால் இது கோடி கோடி மடங்கு குறைவு. கிருமிக்கு எட்டாதபடி தாதுக்களை ஒளித்துவைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘ஊட்டச்சத்து எதிர்ப்பு’ என்று பெயர். தொற்று வந்தால் கல்லீரல் இன்னும் ஒருபடி மேலே போகும். ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து, குடல் இரும்பை உறிஞ்சுவதையும், செல்கள் சேமித்த இரும்பை வெளியே விடுவதையும் தடுத்துவிடும்.

இரும்பு கிடைக்காத பாக்டீரியா என்ன செய்யும்? இங்கேதான் வளர்சிதை மாற்றம் வருகிறது. சர்க்கரையை முழுதாக எரித்து நிறைய ஆற்றல் எடுக்கும் பாதையில், பல என்சைம்கள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கொத்துகளை வைத்துத்தான் இயங்குகின்றன. சுவாசச் சங்கிலிக்கும் இரும்பு வேண்டும். இரும்பு குறைந்ததும் இ.கோலை ஒரு சிக்கன பட்ஜெட் போடுகிறது. ‘ஃபர்’ என்ற புரோட்டீன்தான் அதற்கு இரும்பு மானி. இரும்பு இருக்கும்வரை அது டிஎன்ஏ மேல் உட்கார்ந்துகொண்டு, இரும்பு தேடும் ஜீன்களை அடக்கி வைத்திருக்கும். இரும்பு தீர்ந்ததும் எழுந்துவிடும். உடனே ‘ரிப்’ என்ற குட்டி ஆர்என்ஏ உருவாகி, இரும்பு செலவழிக்கும் என்சைம்களின் உற்பத்தியை நிறுத்துகிறது. கிருமி அரைகுறையாகச் சர்க்கரையை உடைத்து, அசிடேட் போன்ற அமிலங்களை வெளியே தள்ளி, குறைந்த ஆற்றலில் காலம் தள்ளுகிறது. மாசக் கடைசியில் நாம் கேஸை மிச்சம் பிடிப்பது மாதிரின்னு வச்சுக்கலாம்.

சிக்கனத்தோடு நிற்பதில்லை, திருட்டும் தொடங்கும். சிடரோஃபோர் என்ற சின்ன மூலக்கூறுகளைக் கிருமி வெளியே அனுப்புகிறது. கிரேக்கத்தில் ‘இரும்பு சுமப்பவன்’ என்று பொருள். அவை டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே இரும்பைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வரும். நம் உடம்பும் சும்மா இல்லை. இ.கோலையின் முக்கியமான சிடரோஃபோரைக் கவ்விப் பிடிக்க சிடரோகாலின் என்ற புரோட்டீனை வைத்திருக்கிறது. அதற்குப் பதிலடியாக, சில கிளெப்சியெல்லா வகைகள் சிடரோகாலினுக்குச் சிக்காத வேறு சிடரோஃபோர்களையும் தயாரிக்கின்றன. அப்படிப்பட்ட வகைகளின் தொற்று பொதுவாகக் கடுமையாக இருக்கிறது.

துத்தநாகத்திலும் இதே இழுபறிதான். தொற்று நடக்கும் இடத்துக்கு ஓடிவரும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் கால்புரோடெக்டின் என்ற புரோட்டீனை மூட்டை மூட்டையாகச் சுமந்து வருகின்றன. அந்த செல்களின் உட்திரவத்திலுள்ள புரோட்டீனில் ஏறக்குறைய பாதி அதுதான். அதன் வேலை துத்தநாகத்தையும் மாங்கனீசையும் அள்ளிக்கொள்வது. துத்தநாகம் இழந்த என்டிஎம் என்சைமைப் பாக்டீரியாவே வெட்டிக் குப்பையில் போட்டுவிடும்.

அப்படியானால் நம் உடம்புக்குள் என்டிஎம் செயலிழந்து போக வேண்டுமே? ஓரளவு செயலிழக்கத்தான் செய்கிறது. ஆனா இந்த என்சைம் கொழுப்பு வால் ஒன்றால் பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் தொற்றிக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிப்பு, துத்தநாகம் குறைந்த நேரத்திலும் அது சிதையாமல் காக்கிறது. பிறகு வந்த புதிய வடிவங்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். இந்தியாவில் இப்போது பரவலாக இருக்கும் என்டிஎம்-5-இல், 154-ஆவது இடத்திலிருந்த மெத்தியோனின் லியூசினாக மாறியிருக்கிறது. அந்த ஒரு மாற்றத்தால் குறைந்த துத்தநாகத்திலும் என்சைம் நன்றாக வேலை செய்கிறது. ஆன்டிபயாடிக் மட்டுமல்ல, துத்தநாகப் பஞ்சமும் இந்தக் கிருமிகளை வடிகட்டியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் இதிலிருந்து புரிந்துகொள்கிறார்கள்.

இதை நமக்குச் சாதகமாகத் திருப்ப முடியுமா? இரண்டு முயற்சிகளைச் சொல்லலாம். 2014-இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு பூஞ்சை தயாரிக்கும் ஆஸ்பெர்ஜில்லோமராஸ்மின் என்ற பொருள் என்டிஎம்-இலிருந்து துத்தநாகத்தை உருவி எடுப்பதைக் கண்டார்கள். மெரோபெனத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது, என்டிஎம் கிருமி தொற்றிய எலிகள் பிழைத்தன. இது எலிகளில் கிடைத்த வெற்றி. ஆஸ்பத்திரி மருந்தாவது வேறு கதை.

இரண்டாவது, 2019 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால். இந்த ஆன்டிபயாடிக்கின் ஒரு முனை சிடரோஃபோர் போலவே இரும்பைப் பிடிக்கும். தி.நகர் கல்யாண மண்டபத்தில், பெண் வீட்டுக்காரர் என்று ஒருவரும் மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று இன்னொருவரும் நினைத்து உள்ளே விடும் ஆள் போல, இரும்புக்காகத் திறந்த வாசல் வழியாக மருந்து நுழைந்துவிடுகிறது. இரும்புப் பசி அதிகமான கிருமி, மருந்தையும் அதிகமாக விழுங்கும். ஆனா என்டிஎம் இதையும் கொஞ்சம் உடைக்கும் என்பதால் எல்லாத் தொற்றுக்கும் இது போதாது.

இதையெல்லாம் படித்ததும் ‘அப்போ இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்திடலாமா?’ என்று தோன்றலாம். வேண்டாம். இரத்தசோகை நம் பெண்களிடமும் குழந்தைகளிடமும் பெரிய பிரச்சினை. இரும்பு குறைந்தால் நம் நோயெதிர்ப்பு செல்களும் சேர்ந்துதான் தளர்கின்றன. ஆனா இரத்தத்தில் கடுமையான தொற்று இருக்கும்போது, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதை டாக்டர்கள் பொதுவாகத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். காய்ச்சல் நேரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். உடம்பு இரும்பை ஒளித்துவைப்பதால் அந்த நேரம் சீரம் இரும்பு குறைவாகவும் ஃபெரிட்டின் கூடுதலாகவும் தெரியும். சேமிப்பு நிஜமாகவே எவ்வளவு என்று தெரிய, உடம்பு தேறியபின் டாக்டரிடம் கேட்டு இன்னொரு முறை டெஸ்ட் எடுத்துக்கொள்வது நல்லது.