அணு மருத்துவம் படிக்கப் பயப்படலாமா?

ப்ளஸ் டூ முடித்த மகள், "பி.எஸ்ஸி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி படிக்கட்டுமா?" என்று கேட்டால் உங்கள் வீட்டில் என்ன பதில் வரும்? "அணுவா? ஐயையோ, வேண்டவே வேண்டாம்! நாளைக்குக் கல்யாணம், குழந்தை என்று ஆக வேண்டாமா?" அப்படித்தானே! பயப்படுவதற்கு முன்னால், இந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

எக்ஸ்ரே எடுக்கும்போது மெஷினிலிருந்து கதிர் கிளம்பி உடம்பை ஊடுருவும். இங்கே அது தலைகீழ்! கதிரியக்கம் உள்ள மருந்தை ரொம்பக் கொஞ்சமாக நோயாளிக்குக் கொடுப்பார்கள், பெரும்பாலும் ஊசி மூலம். அது தைராய்டு, எலும்பு, இதயம் என்று சேர வேண்டிய இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து கதிர் விடும். அதைக் காமா கேமரா படம் பிடிக்கும். அதிகம் பயன்படும் டெக்னீஷியம்-99எம் என்ற பொருளின் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதிபாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

என்ன வேலை?

மருந்தை அளந்து தயாரிப்பது, நோயாளியைப் படுக்க வைத்து ஸ்கேன் எடுப்பது, கதிர்வீச்சு எங்கும் சிந்தாமல் சிதறாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் டெக்னாலஜிஸ்ட் பொறுப்பு. ரிப்போர்ட் எழுதுவது டாக்டர். இந்த பி.எஸ்ஸி. முடித்தால் டாக்டர் ஆகிவிட முடியாது. அதற்கு எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. நியூக்ளியர் மெடிசின் படிக்க வேண்டும். இதில் குழப்பமே வேண்டாம்.

ஆபத்து இல்லையா?

கவனக்குறைவாக இருந்தால் ஆபத்துதான். அதனால்தான் 1983-ல் தொடங்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கறாரான விதிகள் வைத்திருக்கிறது. ஊழியர் உடம்பில் படும் கதிர்வீச்சு, 5 வருட சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. எவ்வளவு பட்டது என்பதை, மார்பில் குத்திக்கொள்ளும் டி.எல்.டி. பேட்ஜ் காட்டிக்கொடுத்துவிடும்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் கூச்சப்படாமல் மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும். அதன்பின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும் என்பது விதி. ஆக, குழந்தைப் பேற்றை நினைத்து இந்தப் படிப்பையே ஒதுக்க வேண்டியதில்லை.

பணம் கட்டுவதற்கு முன்...

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது இங்கேதான்! கல்லூரியில் மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இந்தப் படிப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஏற்கிறதா? வாரியம் ஏற்கும் தகுதி இல்லாதவரை ஆஸ்பத்திரிகள் டெக்னாலஜிஸ்ட்டாக நியமிக்க முடியாது. இரண்டு, காமா கேமராவும் பெட் ஸ்கேனும் அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றனவா? மூன்று, போன செட் மாணவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்?

இன்னொன்று. இந்த வசதி பெரும்பாலும் பெரிய ஊர் ஆஸ்பத்திரிகளில்தான் இருக்கும். சொந்த ஊரிலேயே வேலை வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. பௌதிகம் என்றாலே ஓடுபவர்களுக்கும்தான்!

மகளுக்கு ஆர்வம் இருக்கிறதா? மூன்று கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்ததா? அப்புறம் என்ன, தைரியமாகச் சேர்த்துவிடுங்கள்!