விடுகதையாக அமைந்த ஒரு திரைப்படம்

நல்ல விடுகதைக்கு ஓர் இலக்கணம் உண்டு. விடை கேள்விக்கு உள்ளேயே இருத்தல் வேண்டும். ஆயினும் அது எளிதில் புலப்படலாகாது. களவுத் திட்டத்தைக் கதையாகக் கொண்ட திரைப்படங்களுள் சிறந்தவை இவ்விலக்கணத்தையே பின்பற்றுகின்றன. 1955-இல் வெளிவந்த 'ரிஃபிஃபி' என்னும் பிரெஞ்சுப் படம் அதற்குத் தக்க சான்று. அரசியல் காரணங்களால் அமெரிக்கப் படவுலகில் தொழில் இழந்த ஜூல்ஸ் டாசின் அதனை இயக்கினார். அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசை அவர் மற்றொருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பாரிஸ் நகரின் நகைக்கடை ஒன்றைக் கொள்ளையிட நால்வர் கருதுகின்றனர். சிறு அதிர்வுக்கும் ஒலிக்கும் எச்சரிக்கை மணி அங்கு உண்டு. அதே வகை மணியொன்றைப் பெற்றுச் சோதித்து, தீயணைப்புக் கருவியின் நுரையைச் செலுத்தினால் அது அடங்கிவிடும் என்று கண்டறிகின்றனர். கடைக்கு மேலுள்ள வீட்டின் தளத்தைத் துளைத்து இறங்குவதே வழி. ஆனால் உடையும் காரை கீழே விழுந்தால் மணி ஒலிக்குமே! அவர்களுடைய கருவிகளோடு ஒரு குடையும் இருக்கிறது. வீட்டினுள் குடை எதற்கு? சிறு துளையின் வழியே மடக்கிய குடையை நுழைத்துக் கீழே விரிக்கின்றனர். காரைத் துண்டுகள் அதனுள் விழுகின்றன. குடையின் பொருள் அப்பொழுதுதான் நமக்கு விளங்குகிறது.

இக்களவுக் காட்சி ஏறத்தாழ அரைமணி நேரம் நீடிக்கிறது. அதில் உரையாடலும் இல்லை, இசையும் இல்லை. மொழி தெரியாத ஊரில் படம் பார்க்க நேரும் நம்மவர்க்கு இஃது ஒரு கொடை. பிரெஞ்சு அறியாதவரும் பாரிஸ் நகரத்தாரும் இங்கே சமமே. கைகளையும் கருவிகளையும் கூர்ந்து நோக்குவோர்க்கே கதை விளங்கும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம். திருடர் வெல்லவேண்டும் என்று நல்லோர் உள்ளமும் துடிப்பது ஏன்? புதிரில் ஈடுபட்ட மனம் அது அவிழவேண்டும் என்றே விழைகிறது. யார் பொருட்டு அவிழ்கிறது என்பதை மறந்துவிடுகிறது. டாசின் அம்மறதியை நீடிக்க விடவில்லை. இரும்புப் பெட்டி திறப்பதில் வல்லவனான ஒருவன், தான் விரும்பிய பெண்ணுக்குக் களவாடிய மோதிரம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறான். அப்பாத்திரத்தை ஏற்று நடித்தவர் டாசினே. அம்மோதிரம் பகைவர்க்குத் துப்பாகிறது. மற்றொருவனின் குழந்தை கடத்தப்படுகிறது. முடிவில் நால்வரும் மாள்கின்றனர்.

மணிக்கும் தளத்துக்கும் இரும்புப் பெட்டிக்கும் விடை கண்டவர்கள், தம்முள் ஒருவனின் ஆசையைக் கணக்கில் கொள்ளவில்லை. இப்படத்தைக் காணும் வாய்ப்புக் கிட்டின் இருமுறை காணுங்கள்: முதன்முறை குடைக்காக, மறுமுறை மோதிரத்துக்காக.