உஷார்! நிறுத்தி வைத்த ஹைபிரிட் கார் திரும்பி வரும்போது எழுந்திருக்காது

திருச்சிக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா? ஒரு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்களா? போர்ச்சில் நிற்பது ஹைபிரிட் கார் என்றால், பெட்டி கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஊர் போய்த் திரும்பி, சிப்பாங் விமான நிலையத்திலிருந்து நள்ளிரவில் மம்பாவ் வந்து சேர்ந்து, மறுநாள் காலை வேலைக்குப் போகச் சாவியை அழுத்தினால் கதவுகூடத் திறக்காமல் போகலாம்.

"உள்ளே அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கே அண்ணே, அது எப்படிச் சாகும்?" ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் பலர் இப்படித்தான் நம்பியிருக்கிறார்கள். ஆபத்தே இந்த நம்பிக்கைதான். ஹைபிரிட் காரில் பேட்டரி இரண்டு. சக்கரத்தை ஓட்டும் பெரியது ஒன்று. பிரியஸில் அது சுமார் 200 வோல்ட். இன்னொன்று எல்லாக் கார்களிலும் இருக்கும் சாதாரண 12 வோல்ட். காரை அணைத்ததும் பாதுகாப்புக்காகப் பெரிய பேட்டரியின் இணைப்பு தானாகவே துண்டிக்கப்படும். மறுபடி அதை இணைக்கும் ரிலேயை மூட வேண்டியது அந்தச் சின்ன பேட்டரிதான். அது போய்விட்டால் பெரியது நிறையச் சார்ஜோடு இருந்தும் பயனில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரணக் காரில் பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டே நாம் வொர்க்‌ஷாப்புக்குப் போய்விடுவோம். பெரும்பாலான ஹைபிரிட்களில் எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பேட்டரி. அதனால் சின்ன பேட்டரி பாதி செத்திருந்தாலும் கார் நேற்றுவரை ஒழுங்காக எழும்பும், இன்று எழும்பாது. முன்கூட்டி எந்த எச்சரிக்கையும் வராது.

நிறுத்திய கார் உண்மையில் தூங்குவதில்லை. அலாரமும் கணினிகளும் சாவியைத் தேடும் கருவியும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 22 ஆம்பியர்-மணி போய்விடும். 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதி, அதுவும் பேட்டரி புதிதாக இருந்தால். நம் வெயிலில் நாலைந்து வருஷம் வெந்த பேட்டரிக்கு அந்தப் பாதியே இருக்காது. டேஷ்கேமை நிறுத்தியபோதும் பதிவு செய்யும்படி நேராக இணைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அது 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 6 ஆம்பியர்-மணி. ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும்.

செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் வாங்கியவர்கள்தான் இதில் கூடுதலாக விழித்திருக்க வேண்டும். 2011 முதல் 2013 வரை மலேசிய அரசாங்கம் ஹைபிரிட் கார்களுக்கு வரிவிலக்குக் கொடுத்தபோது பிரியஸ் சி, இன்சைட், ஜாஸ் என்று நிறைய வந்து இறங்கின. அவை இப்போது கை மாறி, தோட்டத்துப் பிள்ளைகளின் முதல் காராக ஓடுகின்றன. முன்பு வைத்திருந்தவர் மாட்டிய அலாரமும் டிராக்கரும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா என்று யார் பார்த்தார்கள்? வயரிங் தெரிந்த ஒருவரிடம், கார் அணைந்திருக்கும்போது எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில நிமிட வேலைதான். அப்படியே பேட்டரி வோல்ட்டையும் பார்த்துவிடலாம்: ஓய்வில் 12.6 என்றால் நலம், 12.2 என்றால் பாதி காலி.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கார்கள் வாரக்கணக்கில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே காலத்தில் பிரிட்டனும் முடங்கிக் கிடந்தது. அங்குள்ள டொயோட்டா நிறுவனம் ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்குச் சொன்ன யோசனை நமக்கும் பொருந்தும்: வாரம் ஒரு முறையாவது காரை ரெடி நிலைக்குக் கொண்டுவந்து ஒரு மணி நேரம் விடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு பட்டனை அழுத்தி, ரெடி விளக்கு எரிந்தால்தான் பெரிய பேட்டரி சின்னதுக்குச் சார்ஜ் ஏற்றும். பிரேக்கை மிதிக்காமல் அழுத்தினால் மீட்டர் எரியும், ரேடியோ பாடும், ஆனால் சார்ஜ் ஏறாது, இறங்கும். கார் கழுவும்போது கதவைத் திறந்து போட்டுப் பாட்டுக் கேட்பவர்கள், பள்ளி வாசலில் பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

நீங்கள் ஊரில் இல்லாதபோது இதைச் செய்யத் தம்பியிடமோ மச்சானிடமோ சாவியைக் கொடுப்பீர்கள். கொடுக்கும்போது ரெடி விளக்கு எது என்று கையோடு காட்டிவிடுங்கள். கியர் பி-யில், ஹேண்ட்பிரேக் போட்டு, காருக்குள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். எஞ்சின் தானாகவே எழும்பி அணையும். ஆகவே ஷட்டரை இறக்கிவிட்டு இதைச் செய்யவே கூடாது. அமெரிக்காவில் சாவியில்லாக் கார்கள் வீட்டோடு ஒட்டிய கராஜில் ஓடிக்கொண்டே இருந்து, கார்பன் மோனாக்சைடு நச்சால் குறைந்தது 28 பேர் இறந்ததாக 2018-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வருகிறவர் பானெட்டையும் ஒரு தடவை தூக்கிப் பார்க்கட்டும். செம்பனைக்குப் பக்கத்து வீடென்றால் எலி வயரைக் கடித்திருக்கலாம்.

சாவி மாட்டும் இடத்தையும் மாற்றுங்கள். வாசல் கதவுக்குப் பின்னால், காரிலிருந்து இரண்டு மீட்டருக்குள் சாவி தொங்கினால், கார் அதனோடு பேசிக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால் பெரிய பேட்டரியும் மெல்ல இறங்கும். அது அடிமட்டத்துக்குப் போய்விட்டால் ஜம்ப் கேபிளால் ஒன்றும் செய்ய முடியாது, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குத்தான் இழுத்துப் போக வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு முறையாவது 30 நிமிடமோ 16 கிலோமீட்டரோ ஓட்டச் சொல்கிறது டொயோட்டாவின் கையேடு. போர்ட்டிக்சன் வரை ஒரு தடவை போய்வந்தால் தாராளம்.

ஏற்கெனவே செத்துவிட்டதா? பதறி யாரையாவது கூப்பிட்டு வயரைக் கண்டபடி மாட்ட விடாதீர்கள். பழைய பிரியஸில் சின்ன பேட்டரி பின்னால் இருக்கிறது, அது செத்தால் பின் கதவும் திறக்காது. அதற்காகவே பானெட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் ஒரு பிளஸ் முனை வைத்திருக்கிறார்கள். சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியால் முன் கதவைத் திறந்து, பானெட்டைத் தூக்கி, அங்கே மாட்ட வேண்டும். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் பல ஆயிரம் வெள்ளி கரியாகும். உங்கள் ஹைபிரிட்டிலிருந்து பக்கத்து வீட்டு லோரிக்கு ஜம்ப் கொடுக்கவும் வேண்டாம். ஆரஞ்சு நிற வயரில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், அது உயிர் குடிக்கும் மின்சாரம்.

புது பேட்டரி போடும்போது மலிவாக இருக்கிறதென்று சாதாரண பேட்டரியைத் திணிக்க விடாதீர்கள். பேட்டரி, ஆட்கள் உட்காரும் பக்கம் இருக்கும் கார்களில் அதன் வாயு வெளியே போக ஒரு சின்னக் குழாய் உண்டு. அது பொருந்தும் பேட்டரியாகவே கேளுங்கள். பழையதைக் கழற்றியவர் அந்தக் குழாயைத் திரும்ப மாட்டினாரா என்று, காசு கொடுப்பதற்கு முன் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.