வீட்டுப் பற்பசை: செய்வது எப்படி? யாருக்கு அது போதும்?

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்தவர்களுக்கு, கடைப் பற்பசை இல்லாமல் பல் தீட்டுவது புதிய சங்கதி அல்ல. பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த அதே நாட்களில், பல்லுக்கு அடுப்புக்கரியும் உப்பும் வேப்பங்குச்சியும் இருந்தன. இடம்பெயர்ந்து மரநிழலிலும் கூடாரத்திலும் கிடந்தபோது விரல்தான் தூரிகை. அதை யாரும் விரும்பித் தெரிவு செய்யவில்லை. வேறு வழி இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் சவர்க்காரம், பற்பசை முதலிய அன்றாடப் பொருட்களின் விலை ஏறியபோது, அந்தப் பழைய வழிகள் பலருக்கு மீண்டும் நினைவுக்கு வந்தன. மறுபக்கம், இயற்கை என்ற பெயரில் வீட்டுப் பற்பசைச் செய்முறைகள் கைத்தொலைபேசியில் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு பற்பசையை வீட்டில் செய்வது கடினம் அல்ல. ஆனால் அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாமல் வீட்டில் உள்ள எல்லோருக்கும் கொடுத்தால், நட்டம் பிள்ளைகளின் பல்லில்தான் தெரியும்.

பல் ஏன் சூத்தையாகிறது?

நாம் உண்ணும் சீனியையும் மாப்பொருளையும் வாயிலுள்ள பக்ரீரியாக்கள் அமிலமாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பல்லின் மேற்படையான மிளிரியிலிருந்து கல்சியத்தைக் கரைத்து எடுக்கிறது. உமிழ்நீர் சிறிது சிறிதாக அதைத் திரும்பச் சேர்க்கிறது. கரைவது கூடி, சேர்வது குறைந்தால் சூத்தை விழும். பல் தீட்டுவதில் நடப்பவை இரண்டு. தூரிகை பக்ரீரியாப் படலத்தை உரசி நீக்குகிறது. பற்பசையில் உள்ள புளோரைட்டு, கரைந்த இடத்தில் கல்சியம் மீண்டும் படியவும் மிளிரி அமிலத்தைத் தாங்கவும் உதவுகிறது.

முதலாவது வேலையை வீட்டுப் பசை நன்றாகவே செய்யும். இரண்டாவதை அதனால் செய்ய முடியாது.

செய்முறை

தேவையானவை:

- தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி
- அப்பச்சோடா 2 மேசைக்கரண்டி
- மாப்போல் அரைத்த உப்பு கால் தேக்கரண்டி
- வறுக்காமல் இடித்து, மெல்லிய துணியில் அரித்த கராம்புத் தூள் கால் தேக்கரண்டி

அப்பச்சோடாவும் பேக்கிங் பவுடரும் ஒன்றல்ல. சலவைச் சோடா முற்றிலும் வேறு. அது வாயைப் புண்ணாக்கும். பொதியின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

ஈரம் இல்லாத கிண்ணத்தில் தூள்களை முதலில் ஒன்றாகக் கலந்து, எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுக் குழையுங்கள். விரலால் தொட்டுப் பார்க்கும்போது மணல்போல் நெருடினால் உப்பு இன்னும் அரைபட வேண்டும். கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்த சிறிய போத்தலில் போட்டு மூடி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகிவிடும். குளிர்நாட்டுக் காணொளிகளில் கெட்டியாக இருக்கும் பசை நமது வெயிலில் தண்ணீராகி, சோடா அடியில் தங்கும். பிழை உங்கள் கையில் இல்லை. பாவிக்கும்போது ஒருமுறை கிளறினால் போதும். நனைந்த தூரிகையைப் போத்தலுக்குள் விடாமல், காய்ந்த சிறு கரண்டியால் ஆளுக்கு ஒரு பயறளவு எடுத்துக் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குப் போதுமான அளவு மட்டும் செய்வது நல்லது.

அப்பச்சோடா அமிலத்தைத் தணிக்கும். மிருதுவான துகள் என்பதால் மிளிரியை அதிகம் தேய்க்காது. கராம்பு வாய் நாற்றத்தைக் குறைக்கும். அதற்காகக் கராம்பு எண்ணெயை நேராக விடக்கூடாது. அது முரசைச் சுடும். இந்தப் பசை நுரைக்காது. நுரை பல்லைச் சுத்தமாக்குவதில்லை. இரண்டு நிமிடம் மெதுவாகத் தீட்டுவதே சுத்தமாக்குகிறது. தீட்டியபின் துப்பிவிட வேண்டும், விழுங்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு?

பால்பல் விழுந்துவிடும்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. பால்பல்லில் சூத்தை வேகமாகப் பரவும். வலியால் பிள்ளை சாப்பிடாது, நித்திரை கொள்ளாது, பாடசாலையில் கவனம் நிற்காது. ஆகவே பிள்ளைகளுக்குப் புளோரைட்டுப் பற்பசையே தேவை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு அரிசியளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு. ஆறு, ஏழு வயது வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று தீட்டிவிட வேண்டும்.

விளம்பரத்தில் தூரிகை முழுவதும் பசையைப் பிதுக்கிக் காட்டுவது விற்பனைக்காக. பட்டாணியளவு என்பது சுமார் கால் கிராம். நாளுக்கு இருமுறை என்றால் அரைக் கிராம். 100 கிராம் பற்பசை ஒன்று, அளவோடு எடுத்தால், ஒரு பிள்ளைக்கு ஆறு மாதம் வரும். இரண்டு பிள்ளைகளுக்கு மூன்று மாதம். பசையை நிறுத்துவதைவிட அளவைக் குறைப்பதே வீட்டுச் செலவுக்கும் பல்லுக்கும் நல்லது.

பெரியவர்கள் காலையில் வீட்டுப் பசையையும் இரவில் புளோரைட்டுப் பசையையும் பாவிக்கலாம். நித்திரையில் உமிழ்நீர் குறைவு என்பதால் இரவுத் தீட்டலே முக்கியமானது. ஏற்கெனவே பல சூத்தைகள் உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், மருந்துகளால் வாய் வறள்பவர்கள் இரண்டு வேளையும் புளோரைட்டுப் பசையையே பாவிப்பது நல்லது.

கரியும் செங்கல் தூளும்

செங்கல் தூள், மணல், கரகரப்பான சாம்பல் ஆகியவை மிளிரியைத் தேய்த்துவிடும். தேய்ந்த மிளிரி மீண்டும் வளராது. சிரட்டைக்கரி இப்போது அழகான போத்தல்களில் திரும்பி வந்திருக்கிறது. பெயர் மாறினாலும் உரசும் தன்மை மாறவில்லை. தேசிக்காய்ச் சாறு அமிலம். பல்லை வெள்ளையாக்குவதாக நினைத்துத் தேய்ப்பவர்கள் மிளிரியைத்தான் கரைக்கிறார்கள். வேப்பங்குச்சியைப் பாவிப்பவர்கள் நுனியை நன்றாக மென்று தூரிகைபோல் மிருதுவாக்கி, முரசு கிழியாமல் தீட்டலாம். ஆலையும் வேலையும் பல்லோடு சேர்த்துச் சொல்லும் பழமொழி இந்தக் குச்சிகளைப் பற்றியதுதான்.

மஞ்சள், கபிலக் கறை உள்ள பற்கள்

வவுனியா, அநுராதபுரம் போன்ற உலர்வலய மாவட்டங்களில் சில கிணறுகளின் நீரில் புளோரைட்டு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. பல் உருவாகும் வயதில் அதற்குக் கூடுதலான நீரைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் வெள்ளைத் திட்டுகளும் கபிலக் கறையும் விழுகின்றன. அது பல் தீட்டாததால் வந்த அழுக்கு அல்ல. அதற்காகப் பிள்ளையை ஏசுவதும், செங்கல் தூளால் தேய்ப்பதும் வேண்டாம். கறை பல்லுக்குள் இருக்கிறது, எந்தப் பசையாலும் போகாது. இத்தகைய இடங்களில் கிணற்று நீரைச் சோதிப்பதும், சிறு பிள்ளைக்கு எந்தப் பசை, எவ்வளவு என்று பல் வைத்தியரிடம் கேட்பதும் அவசியம்.

பசையைவிடப் பெரியது

எந்தப் பசையைப் பாவித்தாலும், நாள் முழுவதும் சீனித் தேநீரும் பணிசும் பிஸ்கட்டும் ரொபியும் வாயில் இருந்தால் பயன் குறைவு. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பது நம் வழக்கம். பனங்கட்டியும் பல்லுக்குச் சீனிதான். சாப்பாட்டோடு சேர்த்து உண்டு, இடையில் தண்ணீர் மட்டும் குடித்தால் உமிழ்நீருக்குத் தன் வேலையைச் செய்ய நேரம் கிடைக்கும்.

வெற்றிலையும் புகையிலையும் போடுபவர்களுக்கு இன்னொன்று. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் முன்னிற்பது வாய்ப் புற்றுநோய். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க முடியாத இறுக்கம் இருந்தால் கராம்பு வைத்துக் காத்திருக்காதீர்கள். அரச வைத்தியசாலைகளின் பற்சிகிச்சைப் பிரிவில் சிகிச்சை இலவசம். பல பாடசாலைகளில் பிள்ளைகளுக்கான பற்சிகிச்சை நிலையங்களும் உண்டு.

அன்று கையில் கிடைத்ததைக் கொண்டு பல்லைக் காத்தோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இன்று அடுப்படியில் ஒரு போத்தல் பசை இருக்கலாம். பிள்ளைக்கென்று கடைப் பசை ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.