இந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா?

நெருக்கடி நிலைக் காலத்தில் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றப் படியேற முடியாது என்று 1976-இல் ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் புட்டசாமி வழக்கில் அந்தத் தீர்ப்பு தவறென்று நீக்கப்பட்டது. ஆனால் 1976-ஆம் ஆண்டுத் தொகுதியை அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டுகிறவருக்கு இது தெரிய வழியில்லை. அச்சான பக்கத்துக்குத் தனக்குப் பின்னால் நடந்தது தெரியாது.

சட்ட நூலகர்களின் முக்கியமான கருவி இந்த இடைவெளியை அடைக்கப் பிறந்ததுதான். 1873-இல் சிகாகோவில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் பசை தடவிய சீட்டுகளை அச்சிட்டு விற்கத் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பின்னால் எந்தெந்த வழக்குகள் எடுத்தாண்டன என்ற பட்டியல் அந்தச் சீட்டில் இருக்கும். வழக்கறிஞர் அதைத் தம் புத்தகத்தில் அந்தத் தீர்ப்பின் ஓரத்திலேயே ஒட்டிக்கொள்வார். சீட்டுகள் பெருகவே, அவை தனித் தொகுதிகளாயின.

அந்தத் தொகுதிகளின் உயிர் ஒற்றை எழுத்துகளில் இருந்தது. வழக்கு எண்ணுக்கு முன்னால் 'ஓ' இருந்தால் பழைய தீர்ப்பு நீக்கப்பட்டது. 'எஃப்' இருந்தால் பின்பற்றப்பட்டது. 'டி' இருந்தால், அந்த வழக்கு வேறு, இது வேறு என்று விலக்கி வைக்கப்பட்டது. யாரோ ஒருவர் பின்வந்த தீர்ப்பைப் படித்து முடிவெடுத்த பிறகே அந்த ஓரெழுத்து அங்கே வந்து உட்கார்ந்தது. எவ்வளவு பொறுமையான உழைப்பு! யூஜின் கார்ஃபீல்டு 1964-இல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணைக்கும் இந்தத் தொகுதிகளே முன்மாதிரி.

இன்று எழுத்துகளுக்குப் பதில், இணையச் சட்டத் தேடல் சேவைகளின் திரையில் சிவப்பு, மஞ்சள் குறிகள் வருகின்றன. குறியை மட்டும் நம்பினால் ஆபத்து. பெரிய சேவைகள் ஒரே தீர்ப்புக்கு வெவ்வேறு குறி இடுவதை, அமெரிக்கச் சட்ட நூலகர்களின் இதழில் 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு சட்டக் கேள்வியில் நீக்கப்பட்ட தீர்ப்பு இன்னொரு கேள்வியில் செல்லுபடியாகவும் இருக்கலாம்.

நம் மாணவர்களுக்கு இந்தியன் கானூன் தளத்தில், ஒரு தீர்ப்பைப் பின்னர் மேற்கோள் காட்டிய வழக்குகளின் பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் அண்மையில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பை முதலில் திறந்து, அமர்வில் எத்தனை நீதிபதிகள் என்று எண்ணுங்கள். ஐந்து நீதிபதிகள் சொன்னதை இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு மாற்ற முடியாது. அதன் பிறகு, பழைய தீர்ப்பின் பெயர் வரும் பத்தியை முழுதாகப் படியுங்கள்.